அமெரிக்காவில் தனியார் துப்பாக்கி விற்பனை: மாநிலச் சட்டங்களும் ஆவணங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், உரிமம் பெற்ற கடைக்காரர் அல்லாத ஒருவர் தமக்குச் சொந்தமான துப்பாக்கியை மற்றொருவருக்கு விற்பது தனியார் துப்பாக்கி விற்பனை எனப்படுகிறது. வேட்டை நண்பர்களுக்குள் கைமாறுவது, வரி விளம்பரம் பார்த்து அயலார் ஒருவரிடம் வாங்குவது, வார இறுதிக் கண்காட்சியில் மேசை போட்டு விற்பது எல்லாம் இதில் அடங்கும். அந்நாட்டில் பழைய கார் ஒன்றை விற்றால் உரிமைச் சான்றில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதை மாநில அலுவலகத்தில் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய துப்பாக்கிக்கு அப்படி நாடு தழுவிய விதி எதுவும் இல்லை. என்ன எழுத வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் மாநிலத்திற்கு மாநிலம் மாறும். இல்லினாய் மாநிலத்தின் சிகாகோ நகரில் அட்டை காட்டாமல் துப்பாக்கி வாங்க முடியாது. அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள இந்தியானா மாநிலத்தில், அம்மாநிலத்தவர் இருவர் பணத்தையும் துப்பாக்கியையும் கைமாற்றிக்கொண்டு, ஒரு வரிகூட எழுதாமல் பிரிந்து போகலாம்.

இந்த வேறுபாடு ஒரே நாளில் உண்டானதன்று. நூறாண்டுகளுக்கு மேலாக அந்நாட்டுச் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் வாக்காளர்களும் நடத்திவரும் ஒரு வழக்கின் விளைவு அது. துப்பாக்கி வைத்திருக்கலாமா கூடாதா என்பதே அந்த வழக்கு என்று வெளியார் எண்ணுவதுண்டு. சட்டங்களை ஊன்றிப் படித்தால், விற்பனையை எழுதிய தாள் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே பல இடங்களில் மையக் கேள்வியாக இருப்பது தெரியும்.

தொடக்கக் கால உரிமங்கள்

1911 சனவரியில் நியூயார்க் நகரின் கிராமர்சி பூங்கா அருகே டேவிட் கிரகாம் பிலிப்ஸ் என்ற நாவலாசிரியர் சுடப்பட்டு இறந்தார். சுட்டவரும் அங்கேயே தம்மைச் சுட்டுக்கொண்டார். அவ்வாண்டே மாநில மேலவை உறுப்பினர் திமொதி சல்லிவன் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. உடையில் மறைத்து வைக்கக்கூடிய அளவிலான துப்பாக்கி எதற்கும் காவல்துறை உரிமம் வேண்டும் என்றது சல்லிவன் சட்டம். உரிமம் வைத்திருப்பவருக்கே தேவை என்பதால், கடையில் வாங்கினாலும் நண்பரிடம் வாங்கினாலும் ஒன்றுதான். தனியார் விற்பனை என்ற சொல்லே இல்லாமல் அதையும் இச்சட்டம் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது.

கலிபோர்னியா வேறு வழியில் சென்றது. 1917ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்துப்பாக்கி விற்கும் கடைக்காரர்கள் பதிவேடு வைக்க வேண்டியதாயிற்று. 1923இல் வாங்கியவர் ஒரு நாள் காத்திருந்து பெறும் முறையும் சேர்ந்தது. 1919இல் வட கரோலினாவும் 1921இல் மிசௌரியும் கைத்துப்பாக்கி வாங்க முன் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றன. 1927இல் மிச்சிகன் ஒரு விந்தையான முறையை ஏற்படுத்தியது. வாங்கிய கைத்துப்பாக்கியைக் காவல் நிலையத்திற்குக் கொண்டுபோய்ப் 'பாதுகாப்புச் சோதனை' செய்து சான்றிதழ் பெற வேண்டும். பெயர் சோதனை என்றிருந்தாலும், நடந்தது பதிவுதான்.

இந்தச் சட்டங்களுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. உரிமம் தருவதும் மறுப்பதும் உள்ளூர் அதிகாரியின் விருப்பத்தில் இருந்தன. வட கரோலினாவில் விண்ணப்பிப்பவர் 'நல்லொழுக்கம்' உடையவர் என்று அதிகாரி நிறைவடைய வேண்டும். இனப் பிரிவினை ஆட்சி செய்த தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு அந்த நிறைவு எளிதில் கிடைக்கவில்லை. புளோரிடா மாநிலத்தின் 1893ஆம் ஆண்டு உரிமச் சட்டம் குறித்து 1941இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தபோது, நீதிபதிகளுள் ஒருவர் அச்சட்டம் கறுப்பினத் தொழிலாளரின் ஆயுதத்தைப் பறிக்கவே இயற்றப்பட்டது என்றும், வெள்ளையர் மீது செயல்படுத்தும் எண்ணம் இருந்ததே இல்லை என்றும் வெளிப்படையாக எழுதினார். 1956இல் அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் தம் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு, துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல மார்ட்டின் லூதர் கிங் விண்ணப்பித்தார். அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. படிவங்கள் மீது அமெரிக்கர் பலருக்கு உள்ள ஐயம் துப்பாக்கிப் பிரியர்களின் கற்பனை மட்டுமன்று என்பதற்கு இவை சான்று.

அக்காலத்தில் நடுவண் அரசின் பங்கு சிறியது. 1927இல் கைத்துப்பாக்கிகளைத் தனி ஆட்களுக்கு அஞ்சலில் அனுப்புவது தடை செய்யப்பட்டது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரத் துப்பாக்கி, குழல் குறுக்கிய ஷாட்கன் போன்றவற்றைப் பதிவு செய்ய வைத்தது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி விதித்தது. முதலில் கைத்துப்பாக்கிகளும் அந்த வரைவில் இருந்தன. எதிர்ப்பு வலுத்ததால் நீக்கப்பட்டன. 1938ஆம் ஆண்டுச் சட்டம் கடைக்காரர்களை ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டி உரிமம் பெறச் சொன்னது; வாங்குவோர் பெயரைக் குறித்து வைக்கவும் சொன்னது. கடைக்காரர் அல்லாதவர் பற்றி அது எதுவும் பேசவில்லை.

பார்சலில் வந்த கைத்துப்பாக்கி

1927ஆம் ஆண்டுத் தடை அரசு அஞ்சலுக்கு மட்டுமே. தனியார் பார்சல் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தவில்லை. ஆகவே அஞ்சல்வழி வணிகம் தடையின்றி வளர்ந்தது. பத்திரிகை விளம்பரத்தின் ஓரத்தில் உள்ள கூப்பனை வெட்டி நிரப்பிப் பணத்துடன் அனுப்பினால் போதும்.

1963 மார்ச்சில் டல்லாஸ் நகரில் இருந்த லீ ஹார்வி ஆஸ்வால்ட் இவ்வாறு இரண்டு துப்பாக்கிகளை வாங்கினார். சிகாகோவின் கிளைன்ஸ் கடை 'அமெரிக்கன் ரைஃபிள்மேன்' இதழில் செய்திருந்த விளம்பரத்தைப் பார்த்து, தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைஃபிள் ஒன்றைப் பொய்ப் பெயரில் 'ஹைடல்' என எழுதி வரவழைத்தார். அதன் விலை 19.95 டாலர், அனுப்பும் செலவு 1.50 டாலர். மற்றொன்று லாஸ் ஏஞ்சலிஸ் நிறுவனம் ஒன்று விற்ற கைத்துப்பாக்கி. அது தனியார் பார்சல் வழியே வந்து சேர்ந்தது.

அந்தக் கைத்துப்பாக்கிக் கூப்பனில் ஓர் உறுதிமொழி வாசகம் இருந்தது. வாங்குபவர் நாட்டின் குடிமகன் என்றும் கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெறாதவர் என்றும் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். 'டி. எப். டிரிட்டல்' என்ற பெயரில் ஒரு சாட்சிக் கையெழுத்து அங்கே இருந்தது. கையெழுத்து வல்லுநர்கள் பின்னர் ஆராய்ந்தபோது அதுவும் ஆஸ்வால்ட் எழுதியதே என்று கண்டனர். அவர் பொய்ப் பெயரில் வாங்கி, இன்னொரு பொய்ப் பெயரில் தமக்குத் தாமே சாட்சி சொல்லியிருந்தார். எவரும் சரிபார்க்காத படிவம் எவ்வளவு பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆயினும் அதே தாள் வேறொரு பணியைச் செய்தது. 1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி கொல்லப்பட்டதும், ரைஃபிளில் பொறித்திருந்த எண்ணைக் கொண்டு எப்.பி.ஐ. அதிகாரிகள் இறக்குமதியாளரைக் கண்டறிந்தனர். அவர் மூலம் கிளைன்ஸ் கடைக்கு வந்தனர். கடையின் நுண்படச் சுருள்களை இரவெல்லாம் தேடி, விடிவதற்குள் அந்தக் கூப்பனை எடுத்துவிட்டனர். குற்றத்தைத் தடுக்க உதவாத தாள், குற்றத்துக்குப் பின் ஆளைக் காட்டியது. தடுப்பது, தேடிக் கண்டுபிடிப்பது என்ற இந்த இரண்டு பயன்களையும் பிரித்துப் பார்த்தால்தான் பின்னர் வந்த சட்டங்கள் விளங்கும்.

1968ஆம் ஆண்டுச் சட்டமும் அறுந்த சங்கிலியும்

அஞ்சல்வழி விற்பனையைக் கட்டுப்படுத்தக் கனெக்டிகட் மாநில செனட்டர் தாமஸ் டாட் கென்னடி கொலைக்கு முன்பே வரைவு கொண்டுவந்திருந்தார். அது ஐந்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1968இல் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் சூனில் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகே நாடாளுமன்றம் அசைந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் 1968 அக்டோபர் 22 அன்று கையெழுத்திட்டார். எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்யவும், வைத்திருப்போர் அனைவரும் உரிமம் பெறவும் அவர் விரும்பினார். அவ்விரண்டும் கிடைக்கவில்லை, அந்த ஏமாற்றத்தைக் கையெழுத்திட்ட நாளிலேயே அவர் சொன்னார்.

கிடைத்தவை இவை: மாநில எல்லை தாண்டிய அஞ்சல் விற்பனை நின்றது. ஒவ்வொரு புதிய துப்பாக்கியிலும் தொடர் எண் பொறிப்பது கட்டாயமானது. கடையில் வாங்குவோர் 4473 எண் படிவத்தை நிரப்ப வேண்டியதாயிற்று. பெயர், முகவரி, பிறந்த நாள் ஆகியவற்றோடு, தண்டனை பெற்றவரா, தலைமறைவானவரா, போதைப்பழக்கம் உள்ளவரா என்பன போன்ற கேள்விகளும் அதில் உண்டு. பொய் சொன்னால் சிறை. அந்தப் படிவம் அரசு அலுவலகத்துக்குப் போவதில்லை; கடைக்காரரின் அலமாரியிலேயே இருக்கும். தாள் இருக்க வேண்டும், ஆனால் அரசின் கையில் குவியக் கூடாது என்ற இரு தரப்பு உடன்பாட்டை இதில் காணலாம்.

குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால் தேடல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் பணியகத்தின் தடமறியும் மையம் உள்ளது. காவல்துறை தொடர் எண்ணை அங்கே அனுப்பும். மையம் துப்பாக்கி செய்த நிறுவனத்தைக் கேட்கும். நிறுவனம் மொத்த வணிகரைக் காட்டும். அவர் கடைக்காரரைக் காட்டுவார். கடைக்காரர் 4473 படிவத்தை எடுத்து முதலில் வாங்கியவரின் பெயரைச் சொல்வார். கடையை மூடிவிட்டவர்களின் ஏடுகள் பெட்டி பெட்டியாக அம்மையத்துக்கு வந்து சேர்கின்றன. அவை படமெடுத்து வைக்கப்பட்டாலும், பெயரைத் தட்டச்சு செய்து தேட முடியாதபடியே வைக்கப்படுகின்றன. முதல் வாங்குநரோடு சங்கிலி நின்றுவிடும். அவர் அத்துப்பாக்கியை வேறொருவருக்கு விற்றிருந்தால் அடுத்த கண்ணி எந்தத் தாளிலும் இல்லை, அம்மாநிலச் சட்டம் கேட்டிருந்தாலன்றி.

1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் இதை மேலும் இறுக்கியது. நடுவண் அரசு துப்பாக்கிப் பதிவேடு உருவாக்கக் கூடாது என்று எழுத்தில் தடை வந்தது. தம் சொந்தச் சேகரிப்பிலிருந்து எப்போதாவது விற்பவர் வணிகர் ஆகமாட்டார் என்பதும் தெளிவாக்கப்பட்டது. அதே சட்டம், தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ விற்பது தனி ஆளுக்கும் குற்றம் என்றது. ஆனால் வாங்குபவரைப் பார்த்து எதையும் கேட்க வேண்டும் என்ற கடமையை விதிக்கவில்லை. கேட்டு அறிந்தவர் குற்றவாளி ஆகலாம். கேட்காமல் விற்றவருக்கு அந்த அச்சம் இல்லை. சட்டம் எழுதியவர்களின் எண்ணம் அதுவாக இராது. எனினும் சந்தையில் விளைந்தது அதுவே.

மாநிலங்களின் படிவங்கள்

இந்த இடைவெளியைச் சில மாநிலங்கள் தம் சொந்தத் தாள்களால் அடைத்தன. அவற்றுள் நியூ ஜெர்சியின் பழைய முறை குறிப்பிடத்தக்கது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அங்கே கைத்துப்பாக்கி வாங்க ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி நான்கு படிகள் கொண்டதாக இருந்தது. வாங்குபவர் நான்கையும் விற்பவரிடம் கொடுத்தார்; விற்பவர் துப்பாக்கியின் விவரங்களை நிரப்பினார். ஐந்து நாள்களுக்குள் மூலப்படியை மாநிலக் காவல் தலைமைக்கும் இரண்டாம் படியை வாங்குபவரின் ஊர்க் காவல் தலைவருக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. மூன்றாம் படி துப்பாக்கியோடு வாங்குபவரிடம் திரும்பியது. நான்காம் படியை விற்பவர் நிலையான ஆவணமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. விற்பவர் கடைக்காரரா, அடுத்த வீட்டுக்காரரா என்ற வேறுபாடு இருக்கவில்லை. நீள் துப்பாக்கிகளுக்கு வாங்குநர் அடையாள அட்டை போதுமானதாக இருந்தது.

இல்லினாய் 1968 முதல் துப்பாக்கி உரிமையாளர் அட்டையைக் கட்டாயமாக்கியது. தனி ஆள் விற்றாலும் வாங்குபவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். விற்பனைக் குறிப்பைப் பத்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. அட்டை கையில் இருந்தும் அது செல்லாததாகியிருக்கலாம் என்ற குறை வெளிப்பட்டதால், 2014 முதல் மாநிலக் காவல்துறையிடம் அட்டையைச் சரிபார்த்த பிறகே விற்கலாம் என்றாயிற்று. மாசச்சூசெட்சில் விற்பவரும் வாங்குபவரும் எப்.ஏ.-10 என்ற படிவம் மூலம் கைமாற்றத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்று அது இணையத்தில் நிரப்பப்படுகிறது. மினசோட்டா 2023 ஆகத்து முதல் கைத்துப்பாக்கிகளுக்கும் போர்ப்பாணித் துப்பாக்கிகளுக்கும் அனுமதியைக் கட்டாயமாக்கியது. தாளை இரு தரப்பும் பத்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது; அரசுக்கு அனுப்பச் சொல்லவில்லை.

கலிபோர்னியா 1991 முதல் கடைக்காரரை நடுவராக்கியது. தனியார் இருவர் விலை பேசிக்கொள்ளலாம். ஆனால் இருவரும் உரிமம் பெற்ற கடைக்குச் செல்ல வேண்டும். கடைக்காரர் விற்பனைப் பதிவை மாநில நீதித்துறைக்கு அனுப்பி, காத்திருப்புக் காலம் முடியும் வரை துப்பாக்கியைத் தம்மிடம் வைத்துக்கொள்வார். 1923இல் ஒரு நாளாக இருந்த அந்தக் காலம் 15 நாள் வரை நீண்டு, இப்போது 10 நாளாக உள்ளது. நீள் துப்பாக்கிகளின் விற்பனைப் பதிவை மாநிலம் நிலையாக வைத்துக்கொள்ளத் தொடங்கியது 2014இல்தான். பிற்காலத்தில் சட்டம் இயற்றிய பெரும்பாலான மாநிலங்கள் இந்தக் கடைவழி முறையையே பின்பற்றின.

இதற்குக் காரணம் 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம். 1981இல் அதிபர் ரீகன் மீது நடந்த தாக்குதலில் தலையில் குண்டுபட்ட செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் பெயர் கொண்டது அது. கடையில் வாங்குவோர் அனைவருக்கும் பின்னணிச் சோதனையை அது கொண்டுவந்தது. அச்சோதனையைச் செய்யுமாறு உள்ளூர் ஷெரிப்களை நடுவண் அரசு ஏவ முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் 5–4 எனத் தீர்ப்பளித்தது. 1998 நவம்பரில் எப்.பி.ஐ. நடத்தும் உடனடிச் சோதனை முறை செயல்படத் தொடங்கியது. கடைக்காரர் தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை வந்துவிடும். அந்தத் தொலைபேசி வசதி தனி ஆளுக்குத் திறக்கப்படவில்லை.

கொலம்பைன்

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றனர். அவர்கள் பயன்படுத்திய நான்கு துப்பாக்கிகளில் மூன்று, டென்வர் பகுதியில் நடந்த ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் வாங்கப்பட்டவை. வயது போதாத அவர்களுக்காக 18 வயது நிரம்பிய பள்ளித் தோழி ஒருவர் வாங்கிக் கொடுத்தார். எழுத்து வேலை கேட்கும் கடைக்காரர்களைத் தவிர்த்து, தனியார் விற்பனையாளர்களையே அவர்கள் நாடினர். அந்த மாணவி எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை. அவர் மீது வழக்கும் இல்லை. மீறுவதற்கு அங்கே ஒரு சட்டம் இருக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாணவிக்கு எந்தக் குற்றப் பின்னணியும் இல்லை. பின்னணிச் சோதனை நடந்திருந்தால் அவர் தேறியிருப்பார். சட்ட எதிர்ப்பாளர்கள் இதைச் சுட்டிக் காட்டினர். ஆனால் சோதனை இருந்திருந்தால் தான் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேன் என்று அவரே பின்னர் கொலராடோ சட்டமன்றக் குழுவின் முன் கூறினார். தன் பெயர் எழுத்தில் நிற்கும் என்ற எண்ணமே அவரைத் தடுத்திருக்கும் என்பது அவர் சொன்னதன் பொருள். கணினி தரும் 'ஆம், இல்லை' என்ற விடையைவிடக் கையெழுத்துக்கு உள்ள ஆற்றல் இங்கே பெரிது.

அந்த ஆண்டு மே மாதம், கண்காட்சி விற்பனைக்குச் சோதனை கோரும் திருத்தம் அமெரிக்க செனட்டில் 51–50 என நிறைவேறியது. துணை அதிபர் அல் கோர் தம் வாக்கால் சமநிலையை முறித்தார். கீழவையில் அது கரை சேரவில்லை. ஆகவே கொலராடோவும் ஒரேகானும் வாக்காளர்களிடமே சென்றன. 2000 நவம்பர் தேர்தலில் இரு மாநிலங்களிலும் கண்காட்சிச் சோதனை பெரும்பான்மை பெற்றது. 2012 திசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு நடுவண் சட்டத்துக்கு மறுமுறை முயற்சி நடந்தது. 2013 ஏப்ரலில் செனட்டில் 54 வாக்குகள் கிடைத்தன, தேவை 60. கொலராடோ அவ்வாண்டே எல்லாத் தனியார் விற்பனைக்கும் சோதனையை விரித்தது. அதற்கு ஆதரவளித்த மாநில மேலவை உறுப்பினர் இருவரை வாக்காளர்கள் செப்டம்பரில் பதவியிலிருந்து திரும்ப அழைத்தனர்.

நெவாடாவில் ஒரு தொடர்

சட்ட வாசகத்தில் ஒரு தொடர் என்ன செய்யும் என்பதற்கு நெவாடா பாடம். 2016 நவம்பரில் தனியார் விற்பனைக்குச் சோதனை கோரும் முன்மொழிவு அங்கே 10,000-க்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் வென்றது. மாநிலத்தின் 17 கவுண்டிப் பகுதிகளில், லாஸ் வேகஸ் அடங்கிய கிளார்க் ஒன்று மட்டுமே ஆதரித்தது. 2017 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வர வேண்டும்.

நெவாடாவில் கடைகளின் சோதனைகளை மாநில அலுவலகமே செய்துவந்தது. புதிய வாசகமோ தனியார் விற்பனைச் சோதனைக்கு எப்.பி.ஐ.யை நேரடியாக அணுக வேண்டும் என்றது. மாநிலத்துக்குச் செலவு வராமல் இருக்க எண்ணி அப்படி எழுதியிருக்க வேண்டும். ஆனால் நடுவண் அரசின் ஆளையும் பணத்தையும் எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒரு மாநிலம் ஆணையிட முடியாது என்று எப்.பி.ஐ. கடிதம் எழுதியது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் சட்டத்தைச் செயல்படுத்த இயலாது என்று கருத்துரைத்தார். வாக்காளர்கள் ஏற்ற சட்டம் மூன்றாண்டுகள் தாளிலேயே இருந்தது.

அதற்கிடையே 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகசில் இசைவிழாக் கூட்டத்தின் மீது பெரும் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுட்டவர் கடைகளில் முறையாக வாங்கியவர் என்பதால், தனியார் விற்பனைச் சட்டம் இருந்திருந்தாலும் அவரைத் தடுத்திருக்காது. ஆயினும் அரசியல் மாறியது. 2019 பிப்ரவரியில் ஆளுநர் ஸ்டீவ் சிசோலாக் திருத்திய சட்டத்தில் கையெழுத்திட்டார். 2020 சனவரி 2 முதல் அது நடைமுறையில் உள்ளது.

வாசிங்டன் மாநிலத்தில் சிக்கல் வேறு. 2014இல் வாக்காளர்கள் ஏற்ற சட்டம் விற்பனை மட்டுமன்றிக் 'கைமாற்றம்' அனைத்தையும் சோதனைக்கு உட்படுத்தியது. இரவல் தருவதும் கைமாற்றம்தானா என்ற கேள்வி எழுந்தது. லிண்டன் ஊரின் அருங்காட்சியகம் ஒன்று, சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, காட்சிக்காக இரவல் பெற்றிருந்த இரண்டாம் உலகப் போர்க்காலத் துப்பாக்கிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது. குடும்ப உறுப்பினர்க்கு அன்பளிப்பு, மரபுரிமையாக வருவது, வேட்டையிடத்தில் சிறிது நேரம் கொடுப்பது போன்றவற்றுக்கு விலக்கு எழுதுவதே இத்தகைய சட்டங்களில் கடினமான பகுதி. விலக்கு அகலமானால் சட்டம் ஓட்டையாகும். குறுகினால் அருங்காட்சியகமும் அஞ்சும்.

நீக்கிய மாநிலங்கள்

எல்லா மாநிலங்களும் ஒரே திசையில் நடக்கவில்லை. 1921 முதல் இருந்த அனுமதிச் சீட்டை மிசௌரி 2007 ஆகத்தில் நீக்கியது. அதன் பின் துப்பாக்கிக் கொலைகள் கூடியதாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் எழுதினர். காரணம் அதுதானா என்று எதிர்த்தரப்பார் வாதிடுகின்றனர். வட கரோலினாவின் 1919ஆம் ஆண்டு அனுமதி 2023 மார்ச்சில் போனது. ஆளுநர் தடுத்தும் சட்டமன்றம் மீண்டும் வாக்களித்து நீக்கியது. நீக்கியவர்கள் எடுத்துவைத்த வாதங்களுள் ஒன்று அச்சட்டத்தின் இனப்பாகுபாட்டுப் பிறப்பு. வரலாறு உண்மையே. ஆனால் நீக்கியபோது போனது ஷெரிப்பின் விருப்புரிமை மட்டுமன்று. தனியார் கைத்துப்பாக்கி விற்பனையில் அம்மாநிலம் கேட்ட ஒரே தாளும் அதனோடு போயிற்று. நியூயார்க்கில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த, வெளியில் எடுத்துச் செல்லத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற விதியையும் 2022 சூனில் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. வாங்குவதற்கான உரிமம் அங்கே நீடிக்கிறது.

சட்டம் இருப்பதால் மக்கள் அதன்படி நடக்கிறார்களா என்பது வேறு கேள்வி. 2017இல் வெளிவந்த ஒரு தேசிய ஆய்வு, முந்தைய ஈராண்டுகளில் துப்பாக்கி பெற்றவர்களுள் 22 விழுக்காட்டினர் எந்தச் சோதனையும் இன்றிப் பெற்றதாகக் கண்டது. தனியாரிடம் வாங்கியவர்களை மட்டும் எடுத்தால், சட்டம் இல்லாத மாநிலங்களில் 57 விழுக்காடும் சட்டம் உள்ள மாநிலங்களில் 26 விழுக்காடும் சோதனையின்றி நடந்தவை. பாதிக்கும் மேல் குறைவது பெரிது. நால்வரில் ஒருவர் சட்டத்தைப் பொருட்படுத்தாததும் சிறிதன்று.

2019 ஆகத்து 31 அன்று டெக்சாசின் மிட்லாண்ட், ஒடெசா நகரங்களில் ஏழு பேரைக் கொன்றவர், 2014இல் கடையில் வாங்க முயன்று சோதனையில் தோற்றவர். பிறகு தனியார் விற்பனையில் துப்பாக்கி பெற்றார். விற்றவர் உரிமமின்றி வணிகம் செய்ததாக ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2022 சூனில் நிறைவேறிய நடுவண் சட்டம் வணிகர் என்ற சொல்லின் வரையறையை மாற்றியது. முதன்மையாக ஆதாயம் ஈட்டும் நோக்கில் திரும்பத் திரும்ப வாங்கி விற்பவர் உரிமம் பெற வேண்டும் என்கிறது அது.

எழுத்து வேண்டாத இடங்களில்

ஏறத்தாழ இருபது மாநிலங்கள் தனியார் விற்பனைக்கு ஏதோ ஒரு சோதனையையோ அனுமதியையோ கேட்கின்றன. மற்றவற்றில் எதுவும் தேவையில்லை. ஆனால் அங்கும் பலர் தாமாகவே எழுதிக்கொள்கின்றனர் என்பதே இவ்வரலாற்றில் வியப்பான செய்தி. விற்பனைச் சீட்டு என்று ஒரு தாள். அதில் நாள், விலை, துப்பாக்கியின் வகை, தொடர் எண், இருவர் பெயர், வாங்குபவரின் ஓட்டுநர் உரிம எண், தாம் தடை செய்யப்பட்டவர் அல்லர் என்ற உறுதிமொழி, இரு கையெழுத்துகள். எந்த அலுவலகமும் அதைக் கேட்பதில்லை; எந்த அலுவலகத்திலும் அது பதிவாவதில்லை. பதிவேட்டைக் கடுமையாக எதிர்ப்பவர்களும் இத்தாளை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருப்பதுண்டு. என்றோ ஒரு நாள் மார்ட்டின்ஸ்பர்க் மையம் கண்டறிந்த பெயரைக் கொண்டு காவலர் வந்து கதவைத் தட்டினால், தாம் அதை இன்ன நாளில் இன்னாருக்கு விற்றதைக் காட்ட அவர்களிடம் வேறு எதுவும் இல்லை.